பெர்த் முதல் இலண்டன் வரை

ஆஸ்திரேலியக் கண்டத்தின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலே எங்கள் மகன் குடும்பத்தோடு வசிக்கிறான். மகள் இலண்டன் மாநகரிலே செவிலியாகப் பணிபுரிகிறாள். மானாமதுரைக்கும் இடைக்காட்டூருக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றிலே நாங்கள் இருக்கிறோம். ஒரே குடும்பம் மூன்று கண்டங்களில் மூன்று அடுப்பு மூட்டுவது இன்று நம் பங்குகளில் புதுமையன்று. ஞாயிறு பூசை முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பேரப்பிள்ளைகளின் முகம் கைப்பேசிக் கண்ணாடியில்தான் பழக்கம்.

2023 ஆம் ஆண்டுத் தவக்காலத்தை மகன் வீட்டில் கழித்து, உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் அங்கிருந்து நேரே இலண்டன் சென்று, மகளுடைய கைக்குழந்தையின் ஞானஸ்நானத்தைக் கண்ணாரக் கண்டு ஊர் திரும்புவது எங்கள் ஏற்பாடு. பெர்த்திலிருந்து இலண்டனுக்கு எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் பறக்கும் விமானம் 2018 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கப்பட்டது என்றும், 17 மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் என்றும் மகன் சொன்னான். பதினேழு மணி நேரம் ஒரே நாற்காலியில் அமர்ந்திருப்பதா என்று முதலில் மலைத்தோம். எங்கள் இளமையில் மானாமதுரையிலிருந்து சென்னைக்குப் புகைவண்டியில் போனதும் ஓர் இரவு முழுவதுந்தானே என்று பிறகு எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

பத்து வயதுப் பேத்தியிடம் ஒரு பூகோள உருண்டை இருந்தது. தையல் பெட்டியிலிருந்து நூல் ஒன்றை எடுத்து வந்து, ஒரு முனையைப் பெர்த்தின் மேலும் மறு முனையை இலண்டன் மேலும் வைத்து விறைப்பாகப் பிடிக்கச் சொன்னாள். சுவரில் மாட்டிய தட்டையான படத்தில் அவ்விரு நகரங்களையும் அடிமட்டம் வைத்து இணைத்தால், கோடு அரபிக் கடலின் நடுவே போய் அரேபியப் பாலைவனத்தை வெட்டிச் செல்லும். உருண்டையின் மேல் இழுத்த நூலோ அப்படிப் போகவில்லை. இந்துமாக்கடலைக் குறுக்கே தாண்டி, இலங்கைத் தீவின் மேல் ஏறி, நம் தமிழ்நாட்டின் மேல் படிந்து, கோவாவின் பக்கமாகக் கடலில் இறங்கிற்று. “தாத்தா, இது உங்கள் வீட்டுக்கு மேலேதான் போகிறது” என்றாள் சிறுமி.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிரவு மகன் கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்த்தபோது, எங்களுக்கே வியப்பாக இருந்தது. உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பர். பெர்த்துக்கும் இலண்டனுக்கும் இடைப்பட்ட பெருவட்டத்தின் நீளம் ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர். அந்தக் கோடு இலங்கையின் தென்கிழக்கு மூலையில் கரையேறி, கண்டி நகருக்கு அருகே சென்று, கற்பிட்டிக் கரையில் புனித அன்னம்மாளின் தலவிலத் திருத்தலத்தை ஒட்டிக் கடலில் இறங்குகிறது. பிறகு மன்னார் வளைகுடாவைக் கடந்து, இராமநாதபுரத்துக்கு மேற்கே நம் மண்ணைத் தொட்டு, மானாமதுரை, மதுரை, நீலகிரி என்று ஏறிச் செல்கிறது. பிரான்சு தேசத்து ரெய்ம்ஸ் பேராலயத்தின் சாயலில் 1894 ஆம் ஆண்டு எழும்பிய இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயத்தின் கோபுரத்தை அந்தக் கோடு உரசாத குறையாகப் போகிறது. பெர்த்திலிருந்து எங்கள் வீடு சுமார் 6,100 கிலோமீட்டர். வீட்டிலிருந்து இலண்டன் 8,400. பிள்ளைகள் இருவரும் எங்களை விட்டு எதிரெதிர்த் திசையிலே போய்விட்டார்களே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள், மூவரும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறோம் என்பதை அன்றுதான் கண்டுகொண்டோம்.

சேதி உடனே ஊருக்குப் போயிற்று. எங்கள் தாயாருக்கு அப்போது 91 வயது. தம்பியின் பராமரிப்பில் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். கண் பார்வை மங்கியிருந்ததேயன்றி, நினைவும் பேச்சும் குன்றவில்லை. பேத்தி கைப்பேசியில் நூலைக் காட்டி விளக்க, தாயார் எதைப் புரிந்துகொண்டார்களோ, “அப்ப நம்ம வீட்டுக்கு மேலதான் போறீகளா? மாடி விளக்கைப் போட்டு வைக்கச் சொல்றேன், பாத்துட்டுப் போங்க” என்றார்கள். நாங்கள் சிரித்தோம். முப்பத்தையாயிரம் அடி உயரத்திலிருந்து ஒரு மாடி விளக்கைப் பார்ப்பதாவது!

விமானம் உண்மையில் அந்த நூலின் மேல் பறப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருங்காற்று ஆறுகள் ஓடுகின்றன. மேற்கே செல்லும் விமானம் அவற்றை எதிர்த்து நீந்த வேண்டும். கிழக்கே செல்வது அவற்றின் முதுகில் ஏறிக்கொள்ளும். அதனாலேதான் ஒரே தொலைவாயினும் இலண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பும் பயணம் போகும் பயணத்தைவிட நேரம் குறைவு. அன்றன்றைய காற்றைக் கணித்து, வழியை வடக்கேயோ தெற்கேயோ சாய்த்துக்கொள்கிறார்கள். இது காற்றின் காரியம். மனிதர் செய்யும் காரியம் வேறு. நூல் போகும் வழியில் ஈரான் இருக்கிறது, கருங்கடல் இருக்கிறது, கிரிமியா இருக்கிறது. 2014 ஆம் ஆண்டு ஜூலை 17 ஆம் நாள் உக்ரைன் நாட்டின் கிழக்கு வானத்தில் ஒரு பயணிகள் விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் அந்நாட்டு வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு அடைக்கப்பட்டது. நாங்கள் பறந்ததற்கு அடுத்த ஆண்டு, 2024 ஏப்ரலில், மேற்காசியாவின் பதற்றத்தால் இதே பெர்த்–இலண்டன் விமானம் சில நாள் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. யாரோ இருவர் தரையில் சண்டையிட, மூன்றாம் வீட்டுக் கிழவியின் பேரன் ஐந்தாறு மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறான்.

எங்கள் சீமையில் தூரத்தை மைலால் அளப்பது வழக்கமில்லை. ஒருவர் கண்மூடினால் ஊரார் முதலில் கேட்பது, “பிள்ளைக அடக்கத்துக்கு வந்துருவாகளா?” என்பதுதான். மதுரையா, வந்துவிடுவார்கள். சென்னையா, விடியுமுன் வந்துவிடுவார்கள். எங்கள் தந்தையார் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களைப் பற்றி அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. கடிதம் போய்ச் சேர்வதற்குள் முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிடும். பிறகு தந்தி வந்தது. அதுவும் 2013 ஜூலையில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது.

இனிப் பெர்த்தைப் பற்றிச் சிறிது. உலகின் பெருநகரங்களில் இத்தனை தனித்திருக்கும் நகரம் அதிகமில்லை. அடுத்த பெருநகரான அடிலெய்டு 2,100 கிலோமீட்டருக்கு அப்பால். தன் நாட்டின் சிட்னியைவிட அயல்நாட்டின் ஜகார்த்தா அதற்குக் கிட்டே. கருநிற அன்னங்கள் நீந்தும் சுவான் ஆறு நகரின் நடுவே அகன்று கடலைப் போலக் கிடக்கிறது. மாலை நேரத்தில் அரசர் பூங்காவின் மேட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் காலம் போவது தெரியாது. வெயில் நம் ஊர் வெயில்தான். காற்று மட்டும் மாலையில் கடலிலிருந்து தவறாமல் வந்துவிடுகிறது.

ஒரு நாள் மகன் எங்களை நகருக்கு வடக்கே 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நியூ நார்சியாவுக்கு அழைத்துச் சென்றான். செம்மண் வெளியின் நடுவே ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் எழுப்பிய மடமும் கோவிலும் பள்ளிகளும் ஸ்பானிய ஊர் ஒன்றைப் பெயர்த்து வைத்ததுபோல நிற்கின்றன. இதை நிறுவியவர் ரொசெந்தோ சல்வாதோ என்னும் ஸ்பானியத் துறவி. 1845 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து பாய்மரக் கப்பலேறி, 1846 ஜனவரியில் பெர்த்துக்கு அண்மையிலுள்ள பிரிமாண்டில் துறையில் வந்து இறங்கினார். ஏறக்குறைய நான்கு மாதம்! நாங்கள் பதினேழு மணி நேரத்தில் போகவிருந்த அதே வழி. அவ்வாண்டிலேயே கைப்பணம் தீர்ந்துபோகவே, கந்தலான அங்கியோடு பெர்த் நகருக்கு நடந்து வந்து, பியானோ வாசித்து மக்களிடம் பணம் திரட்டிச் சென்றாராம். ஐம்பதாண்டுகளுக்கு மேல் அம்மண்ணின் பழங்குடிகளோடு வாழ்ந்து, 1900 டிசம்பரில் உரோமையில் இருக்கும்போது காலமானார். மூன்றாண்டு கழித்து அவருடைய உடல் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு நியூ நார்சியாவின் கோவிலிலே அடக்கம் செய்யப்பட்டது. அந்தக் கல்லறையின் முன் நின்றபோது நாங்கள் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. வெளியே மடத்தார் சுட்டு விற்கும் ரொட்டி நன்றாக இருக்கும் என்று பேத்தி அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

வானவழியின் கதையும் கேட்கத்தக்கது. 1919 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் இராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்கள் இரண்டு பொறியாளர்களோடு, கூரையற்ற விமானமொன்றில் இலண்டனை விட்டுப் புறப்பட்டு, டிசம்பர் 10 ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் வடகோடியான டார்வினில் இறங்கினர். இருபத்தெட்டு நாள். 1935 இல் பணம் கொடுத்துப் பயணம் செய்வோருக்காக பிரிஸ்பேனிலிருந்து இலண்டனுக்கு வானவழி திறக்கப்பட்டபோது பன்னிரண்டரை நாள் ஆயிற்று. 1947 டிசம்பர் முதல் நாள் சிட்னியிலிருந்து 29 பயணிகளோடு கிளம்பிய விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று தத்தித் தத்தி நான்காம் நாள் இலண்டன் சேர்ந்தது. இப்படிக் குதித்துக் குதித்துப் போனதனால் அவ்வழிக்குக் கங்காரு வழி என்றே பெயர்.

இவற்றுக்கு நடுவே, யுத்த காலத்தில், பெர்த்துக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த ஓர் அதிசயப் போக்குவரத்தை அறிந்தவர் நம்மில் சிலரே. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்கே செல்லும் வானவழி அறுந்தது. அதை ஒட்டவைக்க, 1943 ஜூன் மாதக் கடைசியில், பெர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கலைக் காயலுக்குக் கத்தலினா என்னும் நீர்விமானங்களை ஓட்டத் தொடங்கினார்கள். இடையே 5,600 கிலோமீட்டர் வெறுங்கடல். இறங்க ஒரு தீவில்லை. எண்ணெயின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கும் எழுபது கிலோ அளவு தபாலுக்குமே இடமிருந்தது. எதிரியின் காதில் விழாதிருக்க வானொலியை ஊமையாக்கி, கப்பலோட்டிகளைப் போல விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயரையே சூட்டியிருந்தார்கள். அவற்றில் மூன்று நம் பஞ்சாங்கத்திலும் உண்டு: சித்திரை, கேட்டை, திருவோணம்.

கடலைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் பிடிக்கும். ஆதலால் பயணிகள் வானத்திலிருந்தபடியே இரண்டு முறை சூரியோதயத்தைக் காண்பார்கள். இறங்கியதும் அவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்க’ உறுப்பினர் என்று ஒரு சான்றிதழும் கொடுப்பார்களாம். 1945 ஜூலை வரை 271 முறை கடந்தும் ஓர் உயிர்ச்சேதமும் நேரவில்லை. போர் முடிந்ததும் ஒப்பந்தப்படி அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். சுவான் ஆற்றங்கரையில் நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது இவ்விடத்திலிருந்துதான் அவை எழும்பின என்று மகன் காட்டினான். குழந்தைகள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 17 ஆம் நாள், திங்கட்கிழமை. மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னதாக எங்கள் விமானம் கிளம்பிற்று. போயிங் 787 இனத்தது. 236 பேருக்கு இடம். நிறைபாரத்தோடு 254 டன் எடையில் எழும்பவல்லது. அதில் நூறு டன் அளவு எண்ணெயாகவே இருக்கக்கூடும். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எடை, தன்னைத் தானே சுமந்து செல்வதற்கான தீனி! கட்டுச்சோற்றை மட்டுமே சுமந்துகொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கும் யாத்திரிகர்களின் நினைவு வந்தது.

சூரியன் மறைந்த பின் கிளம்பி மேற்கே பறந்தால், இரவும் நம்மோடு மேற்கே வருகிறது. இலண்டனில் இறங்குவது விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு. அங்கே அப்போதும் பொழுது புலர்ந்திராது. ஆகவே பதினேழு மணி நேரமும் ஒரே இரவு. எண்பதாண்டுகளுக்கு முன் அதே கடலின் மேல் பறந்தவர்கள் இரண்டு விடியலைக் கண்டார்கள். நாங்கள் ஒன்றையும் காணவில்லை. உணவு கொடுத்தார்கள், விளக்கை அணைத்தார்கள், எல்லாரும் போர்வைக்குள் புகுந்துகொண்டார்கள். எங்களுக்கு உறக்கம் வரவில்லை. கால்கள் வீங்காதிருக்க மணிக்கொரு முறை எழுந்து நடக்கும்படி மருமகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், அப்படியே நடந்தோம்.

எதிரேயிருந்த சிறு திரையில் விமானம் போகும் வழி படமாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய காற்றை உத்தேசித்து வழியைத் தென்மேற்காகச் சாய்த்திருந்தார்கள். நம் நாட்டுக் கணக்கில் இரவு பத்து மணி சுமாருக்கு நிலநடுக்கோட்டைத் தாண்டினோம். பதினொன்றரை மணியளவில் இலங்கை எங்களுக்கு வலப்புறமாக வந்தது. திரையில் கொழும்பு என்ற பெயர் தோன்றியது, அதற்குமேல் மதுரை. எங்களில் ஜன்னலோரம் இருந்தவர் மூடியை உயர்த்திப் பார்த்தார். இறக்கையின் நுனியில் ஒரு விளக்கு. கீழே ஒன்றுமில்லை.

“அம்மா விளக்கைப் போட்டு வைத்திருப்பார்கள்” என்றோம். ஜெபமாலையை எடுத்து, அவர்களுடைய உடல்நலத்துக்காக ஐம்பத்துமூன்று மணி சொல்லி முடித்தோம். அதற்குள் திரையில் மதுரை பின்னே போய் மறைந்துவிட்டது. பிறகு அரபிக் கடல், பாலைவனங்கள், துருக்கி, உறங்கும் ஐரோப்பா. பதினேழேகால் மணி நேரத்துக்குப் பின் இலண்டனில் சக்கரம் தரையைத் தொட்டது. தொலைவை நேரத்தால் வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சுமார் 840 கிலோமீட்டர்.

கைப்பேசியை உயிர்ப்பித்ததும் அது நிற்காமல் அதிர்ந்தது. தம்பியின் அழைப்புகள், மகனின் அழைப்புகள், ஊர்ப் பெரியவர்களின் அழைப்புகள். வாசித்துப் பார்க்க மனம் துணியவில்லை. வெளியே வந்தோம். மகளும் மருமகனும் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார்கள். மகளின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. முந்திய இரவு பத்து மணிக்கு, இரவுக் கஞ்சி குடித்து முடித்துச் சாய்ந்தவர்கள், தம்பியைக் கூப்பிட்டு நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னார்களாம். பங்குத்தந்தை ஓடி வந்து நோயிற்பூசுதல் கொடுத்து முடிக்கையில் மூச்சு நின்றுவிட்டது.

அப்படியானால், நாங்கள் அவர்களுடைய உடல்நலத்துக்காக ஜெபமாலை சொன்னபோது அவர்கள் இறந்து ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. வீட்டுக்கு மிக அருகே நாங்கள் வந்த நேரமும் அதுதான்.

புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7 ஆம் நாள் லிஸ்பனில் கப்பலேறி, மொசாம்பிக்கில் பல மாதம் தங்கி, 1542 மே 6 ஆம் நாள் கோவாவில் இறங்கினார் என்பதை நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். பதின்மூன்று மாதம். அவர் பின்னர்ச் சீனாவின் கரையோரத் தீவொன்றில் 1552 டிசம்பர் 3 ஆம் நாள் மரித்தார். அச்செய்தி எட்டாத உரோமையில் புனித இஞ்ஞாசியார், 1553 ஜூன் 28 ஆம் நாள், தம் அருமைச் சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி அழைத்துக் கடிதம் எழுதினார். ஏறக்குறைய ஏழு மாதத்துக்கு முன் இறந்தவருக்கு எழுதிய கடிதம் அது. அந்தக் காலத்தில் செய்தியும் மனிதனும் ஒரே கப்பலில், ஒரே வேகத்தில் வந்தார்கள். இன்று செய்தி கண்ணிமைக்கும் முன்னே உலகைச் சுற்றிவிடுகிறது. மனிதன்தான் நாற்காலியில் கட்டுண்டு பின்னாலே வருகிறான். எங்கள் வீட்டில் நடந்ததை அந்நேரம் பெர்த் அறிந்திருந்தது, இலண்டன் அறிந்திருந்தது. நடுவே பறந்துகொண்டிருந்த நாங்கள் மட்டுமே அறியவில்லை.

விமான நிலையத்தை விட்டு நாங்கள் வெளியேறவே இல்லை. அன்று பிற்பகல் சென்னைக்குச் செல்லும் விமானத்தில் எங்களுக்கும் மருமகனுக்கும் இடம் பிடித்திருந்தார்கள். கைக்குழந்தைக்குக் கடவுச்சீட்டு இன்னும் வந்திருக்கவில்லை. பால்குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு மகள் வர இயலாது. அவள் அங்கேயே ஒரு நாற்காலியில் அமர்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பத்தாவின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்தபடி இருந்தாள். எங்களுக்கு அழவும் தோன்றவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தோம்.

இலண்டனிலிருந்து சென்னை 8,200 கிலோமீட்டர். இம்முறை காற்று எங்கள் பக்கம்; பத்து மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தது. விடிந்ததும் மதுரைக்கு ஒரு விமானம். அங்கிருந்து காரில் வீடு. புதன்கிழமை காலை பத்து மணி. கணக்குப் பார்த்தால், திங்கட்கிழமை மாலை 6,100 கிலோமீட்டர் தொலைவில் இருந்த வீட்டுக்கு நாங்கள் 23,000 கிலோமீட்டர் பறந்து வந்திருந்தோம்.

வாசலில் எங்களை எதிர்கொண்டவன் மகன். பெர்த்தில் எங்களை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பிய சில மணி நேரத்தில் அவனுக்குச் செய்தி கிடைத்திருக்கிறது. விடியற்காலையில் சிங்கப்பூர் விமானம் பிடித்து, அங்கிருந்து திருச்சி வந்து, செவ்வாய்க்கிழமை இரவே வீட்டுக்கு வந்துவிட்டான். எங்களுக்குப் பின்னால் இருந்தவன் எங்களுக்கு அரை நாள் முன்னால் வந்துவிட்டான். அப்பத்தாவை ஐஸ் பெட்டியில் வைப்பதற்கு ஏற்பாடு செய்ததும், கல்லறைத் தோட்டத்தில் எங்கள் தந்தையாரின் குழிக்குப் பக்கத்தில் இடம் பார்த்ததும் அவனும் தம்பியுமே. பங்குத்தந்தை எங்களுக்காக அடக்கப் பூசையைப் பிற்பகல் நான்கு மணிக்குத் தள்ளி வைத்திருந்தார். ஊரார் எங்களைப் பார்த்ததும், “வந்துட்டாக, வந்துட்டாக” என்று உள்ளே குரல் கொடுத்தார்கள்.

மாடி விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை மாலையே அதைப் போடச் சொல்லி, போட்டாயிற்றா என்று இருமுறை கேட்டார்களாம். அதன்பிறகு அதை அணைக்க யாருக்கும் நினைவில்லை. அடக்கம் முடிந்து வந்து, கை கால் கழுவியபின், மேலே போய் அணைத்தோம்.

நின்றுபோன ஞானஸ்நானம் ஜூன் மாதத்தில் நடந்தது. குழந்தைக்கு எங்கள் தாயாரின் பெயரையே வைத்தார்கள். இம்முறை நாங்கள் சென்னையிலிருந்தே கிளம்பினோம். எதிர்காற்று, ஏறக்குறைய பதினொரு மணி நேரம் ஆயிற்று.